மரம் முடியும் இடம் – 11: வழக்கில் பெயர் வந்த புல்வெளி

சென்ற வாரம் பேத்னி புல்வெளியில் நின்றோம். புக்யால் என்பது மரம் முடியும் கோட்டுக்கு மேலே விரியும் இமயப் புல்வெளி. மரம் ஏன் ஒரு கோட்டோடு நின்றுவிடுகிறது என்பதெல்லாம் ஆரம்ப வாரங்களிலேயே பேசியாயிற்று. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் ஆட்டுக்காரர்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அவர்களிடம் போகும் வழியில் பக்ஜி என்ற புல்வெளி குறுக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் தாண்டிப் போக மனமில்லை.

உத்தராகண்டின் சமோலி மாவட்டம். கர்ணபிரயாகையில் பத்ரிநாத் சாலையை விட்டுவிட்டு, பிண்டர் ஆற்றை எதிர்த்தபடி நாராயண்பகட், தராலி என்று போனால் தேவால் வரும். கைல் ஆறு பிண்டரில் வந்து விழும் ஊர். அங்கிருந்து ஒரு சாலை லோஹாஜங், வாண் பக்கம் போகிறது. ஆலி, பேத்னி புல்வெளிகளுக்கும் ரூப்குண்ட் ஏரிக்கும் போகிற கூட்டமெல்லாம் அந்தச் சாலையில்தான். இன்னொரு சாலை கேஸ், ஹிம்னி, பலாண் என்று மூன்று கிராமங்களைத் தொட்டுவிட்டு மலையடிவாரத்தில் முடிந்துவிடும். கேஸ் கிராமத்துக்கு அப்பால் தேசமே இல்லை என்று அந்த வட்டாரத்தில் ஒரு சொலவடை உண்டு. அந்தக் கிராமத்துக்கும் மேலே இருக்கிறது பக்ஜி புக்யால்.

முதல் நாள் இரவு கேஸில் தங்கி, விடியுமுன் நடக்கத் தொடங்கினோம். வயல் முடிந்ததும் ஓக் காடு. அதற்கு மேல் புராம்ஸ் என்று அவர்கள் சொல்லும் ரோடோடென்ட்ரான். ஏற ஏற மரம் குட்டையாகிக்கொண்டே வருகிறது. மூச்சும்தான். பிறகு சொல்லிவைத்தாற்போல் காடு விலகி, கண்ணெட்டும் தூரம் வரை புல். வடக்கே 7,120 மீட்டர் உயரத் திரிசூல். பக்கத்தில் நந்தா குண்டி, 6,309 மீட்டர்.

திரிசூலைப் பார்த்ததும் டாம் லாங்ஸ்டாஃப் நினைவு வந்தது. 1907-இல் அந்த உச்சியைத் தொட்டவர். புரோக்கரெல் சகோதரர்கள் இருவரும் கூர்க்கா வீரர் கர்பீரும் அவருடன் ஏறினார்கள். 7,000 மீட்டரைத் தாண்டிய ஒரு சிகரத்தில் மனிதன் நின்றதற்கு ஐயமற்ற முதல் சான்று அதுதான். மலையேற்ற நூல்களில் திரிசூலுக்கு இடம் உண்டு. அதற்கு நேர் எதிரே விரிந்து கிடக்கும் பக்ஜியின் பெயரோ பயணநூல்களில் எளிதில் அகப்படாது. அது இடம்பெற்றிருப்பது ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பில்.

இந்த வாரம் முழுக்க என் மேசையில் கிடப்பது அந்தத் தீர்ப்புதான். வழக்கின் தலைப்பைப் பாருங்கள்: ஆலி – பேத்னி – பக்ஜி புக்யால் பாதுகாப்புக் குழு எதிர் உத்தராகண்ட் மாநிலம். மூன்று புல்வெளிகளின் பெயரைத் தன் பெயராகச் சூட்டிக்கொண்ட ஓர் உள்ளூர்க் குழு. 2014-இல் நைனிதாலில் உள்ள உயர் நீதிமன்றத்தின் படியேறியது. 2018 ஆகஸ்ட் 21 அன்று தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பு சொன்னதைக் கேளுங்கள். புக்யால்களில் இரவு தங்கக் கூடாது. 200 பேருக்கு மேல் சுற்றுலாப் பயணிகளை விடக் கூடாது. இந்த மூன்று புல்வெளிகளிலும் உள்ள நிரந்தரக் கட்டுமானங்களை மூன்று மாதத்துக்குள் அகற்ற வேண்டும். வணிக நோக்கில் மந்தை ஓட்டி வந்து மேய்க்கக் கூடாது; உள்ளூர் ஆட்டுக்காரர்களுக்கு மட்டும் அனுமதி. வழக்கு போட்டது மூன்று புல்வெளிகளுக்காக. இரவு தங்கக் கூடாது என்ற உத்தரவோ மாநிலத்திலுள்ள எல்லாப் புக்யால்களுக்கும் பொருந்திவிட்டது. ரூப்குண்டுக்குக் கூட்டம் கூட்டமாக அழைத்துப் போனவர்கள் அந்தப் பாதையையே கைவிட வேண்டியிருந்தது. ஆலி–பேத்னிக்கு அழைத்துப் போகிறவர்கள் கூடாரங்களைக் கீழே காட்டுத் திறப்புகளுக்கு இறக்கினார்கள். பயணத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் வருத்தம் இருக்கிறது. அவர்களை நம்பிக் கழுதையோட்டியும் சமைத்தும் பிழைத்தவர்களுக்கு நட்டமும் உண்மை. அவர்களுக்கு மாற்று வழி காட்ட வேண்டியது அரசின் பொறுப்பு. ஆனாலும் தீர்ப்பு சரி என்பதே என் முடிவு. ஏன் என்பதை பக்ஜியின் மண்ணே சொன்னது.

புல்வெளியின் ஓரத்தில், எப்போதோ கூடாரம் அடித்த இடம் ஒன்றைக் கண்டேன். நீள்சதுரமாகப் புல் வெளுத்திருந்தது. மழைநீர் உள்ளே வராமலிருக்கக் கூடாரத்தைச் சுற்றிக் கால்வாய் வெட்டுவார்கள். நாலு விரல் ஆழம் இருந்தாலே போதும். கூடாரம் போய்விட்டது. கால்வாய் அப்படியே இருந்தது. மேட்டுப் பக்கம் நாலு விரலாகத் தொடங்கிய பள்ளம், சரிவில் இறங்க இறங்க ஒரு முழமாகி, அதற்கும் கீழே முழங்கால் ஆழத்துக்குப் போயிருந்தது. குனிந்து அதன் சுவரைப் பார்த்தேன். மேலே கன்னங்கரேலென்று ஒரு படலம். அது முழுக்க வேர். ஒன்றோடொன்று பின்னிக் கம்பளி மாதிரி இறுகிக் கிடக்கிறது; விரலை நுழைக்க முடியவில்லை. அதற்கு நேர் கீழே மஞ்சள் நிறச் சரளை. தொட்டால் பொலபொலவென்று உதிர்கிறது. இந்த வேர்ப்படலம்தான் புக்யால். இது கிழிந்தால் கீழே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

கிழிந்தது தானாக மூடிக்கொள்ளாதா? மெதுவாக மூடும், மிக மெதுவாக. நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை பனி மூடிக் கிடக்கும் நிலம். பனி உருகி, புல் துளிர்த்து, பூத்து, விதைத்து மடிய நாலைந்து மாதம்தான். அதிலும் பாதி நாள் மழை, மேகம். வளரும் பருவத்தின் சராசரி வெப்பமே 6 டிகிரி வாக்கில்தான் இருக்கும். மரம் தலையைக் குளிர்காற்றில் நீட்டி நிற்பதால் தாக்குப்பிடிப்பதில்லை. புல் தரையோடு ஒட்டிக்கொண்டு, வெயில் பட்ட மண்ணின் சூட்டை வாங்கிப் பிழைக்கிறது. அந்த மண்ணே கரைந்து ஓடினால் புல்லுக்கு வேறு போக்கிடம் இல்லை.

உத்தரகாசி மாவட்டத்துத் தயாரா புக்யாலில் இப்படி விழுந்த ஓடைகளை அடைக்க வனத்துறை முனைந்தது. என்ன கொண்டு அடைத்தார்கள் தெரியுமா? மூங்கில், பைன் மரத்தின் ஊசிச் சருகு, தென்னை நார் வலை. கடற்கரைக் காற்றில் வளர்கிற தென்னையின் நார், 3,000 மீட்டருக்கு மேலே இமயத்தின் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. நார் நாளடைவில் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். அதற்குள் புல் வேரோடிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

கேஸ் கிராமத்தாரும் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதைச் சொல்ல நான் முந்தின நாள் மாலைக்குத் திரும்ப வேண்டும்.

நாங்கள் தங்கிய வீட்டுக்குப் பின்னால் சின்னப் பாத்திகள். கீரை என்று நினைத்துக் குனிந்தேன். கரண்டி வடிவில், ஓரம் பல் பல்லாக, தரையோடு படிந்த இலைகள். "தீதி, இது என்ன?" என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மா பதில் சொல்லாமல், உள்ளே போய் உலர்ந்த வேர்த்தண்டு ஒன்றை எடுத்து வந்து கையில் வைத்தார். சுண்டுவிரலைவிட மெலிசு. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், கோணல்மாணலான உருவம். நுனியைக் கடித்ததும் நாக்கு அடிவரை கசந்தது. இரவுச் சாப்பாட்டிலும் அந்தக் கசப்பு போகவில்லை.

அது குட்கி. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கடுகுரோகிணி என்று கேட்டால் பொட்டலம் கட்டித் தருகிறார்களே, அதுதான். அதிவிடயமும் சடாமாஞ்சிலும் இதே உயரத்துப் பிறப்புகள். நம் வைத்தியர்கள் காலங்காலமாக எழுதிக் கொடுக்கும் சரக்குகளில் இத்தனை இந்தப் புல்வெளி வரிசையிலிருந்து இறங்கி வந்தவை. இவற்றில் மருந்து இருப்பது வேரிலும் வேர்த்தண்டிலும். அதாவது, மருந்தெடுக்கச் செடியையே தோண்ட வேண்டும். தோண்டினால் மேலே சொன்ன வேர்ப்படலம் கிழியும். ஒரு குழி, பத்துக் குழி என்று ஆரம்பித்து சரிவே பொத்தலாகும். கடுகுரோகிணியும் சடாமாஞ்சிலும் 1997-இலேயே சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஏறிவிட்டன. நாடு விட்டு நாடு விற்கக் கட்டுப்பாடு இருக்கிறது. உள்நாட்டுத் தேவையோ குறைந்தபாடில்லை.

கேஸ் விவசாயிகள் குட்கிச் செடியை வயலுக்கு இறக்கிவிட்டார்கள். கட்வால் ஸ்ரீநகரில், ஹேமவதி நந்தன் பகுகுணா பல்கலைக்கழகத்தில் உயர்மலைத் தாவர உடலியல் ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. துங்கநாத்தில் மரக்கோட்டுக்கு மேலேயே அதற்கு ஓர் ஆய்வுக்களம் உண்டு. அவர்களுடைய வழிகாட்டலில், பாத்தியில் தண்டுத் துண்டுகளை நட்டு, சில ஆண்டு பொறுத்து அறுவடை செய்கிறார்கள். பொறுமை வேண்டிய பயிர்தான். குரங்கும் காட்டுப்பன்றியும் மற்ற வெள்ளாமையை அழிக்கிற மலைக் கிராமத்தில், இந்தக் கசப்பை எதுவும் தொடுவதில்லை என்று அந்த அம்மா சொன்னார். வயலில் விளைகிற ஒவ்வொரு கிலோவும் புக்யாலில் தோண்டாமல் விட்ட ஒரு கிலோ. எனக்கு இந்தத் தீர்ப்பையும் இந்தப் பாத்தியையும் தனித்தனியாகப் பார்க்கத் தோன்றவில்லை. ஒன்று, மேலே தங்காதே என்கிறது. மற்றது, மேலே தோண்டாதே என்கிறது. இரண்டும் அதே வட்டாரத்து மக்களிடமிருந்து புறப்பட்டவை. காக்கும் முனைப்பு வெளியிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை.

தீர்ப்பில் ஒரு நூல் மட்டும் பிரிபடாமல் நிற்கிறது: மேய்ச்சல். உள்ளூர் ஆடுகளை ஏன் அனுமதித்தார்கள்? ஆடும் புல்லைத் தின்கிறதே, குளம்பும் மண்ணைக் கிளறுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு எளிய பதில் இல்லை. இதே மாவட்டத்துப் பூக்களின் பள்ளத்தாக்கை 1982-இல் தேசியப் பூங்காவாக அறிவித்து மேய்ச்சலை நிறுத்தினார்கள். பிற்பாடு பாலிகோனம் என்ற உயரமான களை அங்கே பரவி, மற்றப் பூச்செடிகளை அமுக்கத் தொடங்கியது. ஆண்டுதோறும் ஆள் வைத்துப் பிடுங்குகிறார்கள். மந்தை போனதால்தான் களை வந்ததா என்று ஆய்வாளர்களிடையே வாதம் ஓயவில்லை. ஆகவே ஆடு எதிரியா, தோட்டக்காரனா என்பதை ஒரு பத்தியில் சொல்லித் தீர்க்க முடியாது. கோடையில் மேலேறும் கிடைகள், ஆட்டுக்கு உப்பு வைக்கும் கற்கள், சிறுத்தைக்கு அஞ்சி முள்பட்டை கட்டிய நாய்கள் எல்லாவற்றையும் அடுத்த வாரத்துக்கு முழுதாக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

பக்ஜிக்குப் போக நினைப்பவர்கள் மழை ஓய்ந்தபின் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ போங்கள். கேஸில் யாராவது ஒருவர் வீட்டில் தங்குங்கள். பணம் அந்த ஊரிலேயே நிற்கட்டும். ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். வெயில் சாய்வதற்குள் புல்லை விட்டு இறங்கிவிடுங்கள். போக முடியாதவர்கள், அடுத்த முறை நாட்டு மருந்துக் கடையில் கடுகுரோகிணி வாங்கும்போது, இது பயிர் செய்ததா, மலையில் தோண்டியதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார்.