'நாள் பூரா வேலதான செய்யற... இதுல வாக்கிங் வேறயா?' - கிண்டலைத் தாண்டி உடற்பயிற்சியைத் தொடர்வது எப்படி?

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டே வாக்கிங்கோ ஜிம்மோ தொடங்கும் யாருக்கும் முதல் வாரத்திலேயே சில வசனங்கள் காதில் விழுந்துவிடும். வீட்டில், "மெஷின்ல ஒக்காந்து நொந்து போய் வர்ற, இதுல வாக்கிங் எதுக்கு கண்ணு?" கம்பெனியில், "என்ன தம்பி, சிக்ஸ் பேக் எப்ப வருது?" பெண்ணாக இருந்தால் கூடுதலாக ஒன்று: "கல்யாணம் ஆயிருச்சு, இனி யாரு பாக்கப் போறா?"

ஜிம்முக்குப் போடும் டி-ஷர்ட்டையும் டிராக் பேன்டையும் உலகத்துக்கே தைத்து அனுப்பும் ஊர் இது. ஆனால், காலை 8.30 மணிக்கு உள்ளே போய், ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வரும்போது இரவு 8 மணி தாண்டிவிடும். ஷிப்மென்ட் நெருங்கினால் கேட்கவே வேண்டாம். கிடைப்பதே அரை மணி நேரம். அந்த நேரத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினால், பலரும் இரண்டாவது வாரத்தில் ஷூவைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். இது மன உறுதி இல்லாததால் நடப்பது மட்டும்தானா? இல்லை. அந்த வசனங்களில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வேலையே எக்சர்சைஸ்தானே?

கேட்க நியாயமாகத் தெரியும் வாதம் இது. ஆனால் உடலின் கணக்கு வேறு. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1,04,046 பேரை சுமார் 10 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகளின் ஆபத்து குறைந்திருந்தது. ஆனால், வேலையில் மிகக் கடுமையான உடலுழைப்பு கொண்டவர்களுக்கு, குறைந்த உழைப்பு கொண்டவர்களைவிட அந்த ஆபத்து 35% கூடுதலாக இருந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? நடையோ ஓட்டமோ இதயத்துடிப்பைக் கொஞ்ச நேரம் ஏற்றி, பிறகு ஓய்வு தருகிறது. வேலை அப்படி இல்லை. ஒரே அசைவு, ஒரே நிலை, மணிக்கணக்கில். நினைத்தபோது நிறுத்தவும் முடியாது. ஓவர்லாக் மெஷினில் குனிந்தே இருப்பவருக்கு கழுத்தும் இடுப்பும் வலிக்கும். செக்கிங், அயர்ன் டேபிளில் நிற்பவருக்கு கால் வீங்கும். உடல் களைத்துப்போவது நிஜம். அந்தக் களைப்பு மட்டுமே இதயத்துக்குப் பயிற்சி ஆகிவிடாது.

இந்தியாவில் இது சின்னப் பிரச்சினையும் இல்லை. லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2024-ல் வெளியான கணக்கின்படி, 2022-ல் வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் போதுமான உடலியக்கம் இல்லை. ஆண்களில் 42%, பெண்களில் 57%.

கிண்டல் பண்ணா ரோசம் வந்து குறைப்பாங்களா?

"உன் நல்லதுக்குத்தான் குண்டுன்னு சொல்றேன்" என்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் 2,944 பேரை 4 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2014-ல் வந்த முடிவு இது: எடைக்காக மற்றவர்களால் மட்டமாக நடத்தப்பட்டவர்களின் எடை சராசரியாக 0.95 கிலோ கூடியிருந்தது. அப்படி நடத்தப்படாதவர்களுக்கு 0.71 கிலோ குறைந்திருந்தது. ரோசத்தைக் கிளப்பி எடையைக் குறைக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இதில் எந்த ஆதரவும் இல்லை.

எல்லா வசனமும் ஒன்றில்லை

ஊக்கத்தைக் கெடுப்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தில் பேசுவதில்லை. யார், எதற்குச் சொல்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

முதல் வகை, பயம். விடிகாலை இருட்டு, தெருநாய், தனியாகப் போகும் பெண் பிள்ளை என்று அம்மா கவலைப்படுவது நியாயம். அதற்கு வாக்குவாதம் தேவையில்லை. எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவது, கூட யார் என்று சொல்லிவிட்டால் போதும்.

இரண்டாவது, நேரம். "வாக்கிங் எதுக்கு?" என்ற கேள்விக்குள் பல வீடுகளில் "அப்ப சோறு யாரு ஆக்கறது?" என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. இதை மன உறுதியால் தீர்க்க முடியாது. காலை வேலையில் எதை யார் செய்வது என்று வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். இந்தப் பேச்சு நடக்காத வீட்டில், பெண்களின் உடற்பயிற்சிதான் முதலில் நிற்கிறது.

மூன்றாவது, ஒப்பீடு. பக்கத்து மெஷின்காரர் நடக்கத் தொடங்கினால், நடக்காதவருக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல். அது கிண்டலாக வெளியே வரும். பதில் சொல்லி ஜெயிக்க வேண்டியதில்லை. "நாளைக்கு நீங்களும் வாங்கண்ணா" என்று கூப்பிட்டுவிடலாம்.

இந்த மூன்றிலும் சேராதது மருத்துவரின் எச்சரிக்கை. நெஞ்சுவலி, மூட்டுத் தேய்மானம், சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பது போன்றவை இருந்தால், அவர் சொல்வதை 'நெகட்டிவ் பேச்சு' என்று ஒதுக்கக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்?

நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள். "இனி தினமும் நடப்பேன்" என்பதைவிட, "காலையில டீ குடிச்சதும் வாட்டர் டேங்க் வரைக்கும் போய்ட்டு வருவேன்" என்பது வேலை செய்யும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து ஆராய்ந்து வரும் முறை இது. எப்போது, எங்கே என்பது முன்பே முடிவாகிவிட்டால், தினமும் மனதோடு சண்டை போட வேண்டியதில்லை.

ஸ்டேட்டஸ் போடுவதைத் தள்ளிப்போடுங்கள். "இப்படி ஆகப் போகிறேன்" என்ற எண்ணத்தை மற்றவர்கள் கவனித்துவிட்டாலே, அதற்காக உழைப்பது குறைகிறது என்று கோல்விட்சர் குழுவின் 2009 ஆய்வு காட்டியது. அறிவிப்பு குறைந்தால் கிண்டலுக்கான வாய்ப்பும் குறையும்.

ஒரே ஒரு துணையைத் தேடுங்கள். 11 லட்சம் ஓட்டப் பயிற்சியாளர்களின் 5 ஆண்டுத் தரவை அலசிய 2017 ஆய்வின்படி, நண்பர்கள் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால், அதைப் பார்ப்பவரும் சுமார் 300 மீட்டர் கூடுதலாக ஓடுகிறார். கிண்டல் செய்யும் பத்துப் பேரின் வாயை அடைப்பதைவிட, கூட வரும் ஒருவரைப் பிடிப்பது சுலபம்.

ஒரு நாள் விட்டால் பயப்படாதீர்கள். ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆகிறது என்கிறது 96 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியான லண்டன் ஆய்வு. சிலருக்கு 18 நாள்; சிலருக்கு 254 நாள் வரைகூட ஆகலாம் என்பது கணிப்பு. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. எனவே ஷிப்மென்ட் வாரத்தில் 10 நிமிடம் போதும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கும் உலக சுகாதார நிறுவனமும், சின்னச் சின்ன அசைவுகளும் கணக்கில் சேரும் என்று 2020-ல் சொல்லிவிட்டது.

புதுக்கோட்டை காட்டிய வழி

கேலியைக் கூட்டமாகத் தாண்டிய முன்னுதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்கப்பட்டது. அப்போது பொம்பளை சைக்கிள் ஓட்டுவதே கிராமத்தில் பேசுபொருள். ஆண்கள் மோசமாகக் கிண்டல் செய்தார்கள். ஆனால் கற்றுக்கொண்டது ஒருத்தி இரண்டு பேர் இல்லை, ஊர் ஊராகப் பெண்கள். ஒருத்தியைப் பார்த்துச் சிரிப்பது எளிது. தெருவே சைக்கிளில் போகும்போது யாரைப் பார்த்துச் சிரிப்பது?

திருப்பூரிலும் இதற்கு வழி உண்டு. 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில், மாநிலத்தின் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டன. ஞாயிறு விடுமுறையில் லைன் வீட்டிலிருந்து நாலு பேராகக் கிளம்பலாம். கம்பெனிகளும் நினைத்தால், டீ டைமோடு 10 நிமிடம் சேர்த்துத் தந்து காம்பவுண்டுக்குள்ளேயே நடக்க விடலாம். ஒன்றரை ஷிப்டை வைத்துக்கொண்டு, எல்லாப் பொறுப்பையும் தொழிலாளியின் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை.

"ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணும் கொறஞ்ச மாதிரி தெரியலையே?"

கடைசியாக வரும் வசனம் இது. தராசு காட்டும் எண் மெதுவாகத்தான் மாறும். ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், படி ஏறும்போது வாங்கும் மூச்சு ஆகியவற்றில் மாற்றம் அதற்கு முன்பே தெரியத் தொடங்கலாம். அதனால் தொடங்கும் முன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடமோ ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். "என்ன கொறஞ்சுது?" என்று கேட்பவர்களிடம் அந்தச் சீட்டையே காட்டலாம். காட்டாமல் பையில் வைத்துக்கொண்டாலும் சரிதான்.