கிருமி இருந்தும் நோய் இல்லை

பெங்களூரில் 1959-ல் தொடங்கப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனம் ஓசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முறையான சிகிச்சை கிராமங்களை எட்டாத காலத்தில், 1961 முதல் 1968 வரை, பெங்களூர் மாவட்டத்து ஊர்களில் அது ஓர் ஆய்வு நடத்தியது. சளியில் கிருமி இருந்தவர்கள் ஐந்தாண்டில் என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்திருந்தார்கள். சிலருக்குச் சளியில் கிருமி தொடர்ந்தது. ஆனால், மூன்றில் ஒரு பங்கினரின் சளியில் கிருமியே இல்லை. முற்றிய நோயைக்கூட அவர்கள் உடல் தானாக அடக்கியிருந்தது. தொற்று மட்டும் ஏற்பட்டு நோய் வராதவர்களிடம் இந்த ஆற்றல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. உலக மக்களில் சுமார் கால்வாசிப் பேருக்குக் காசநோய்த் தொற்று உண்டு. அவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான். மற்றவர்களைக் காப்பது எது, அது எப்போது கைவிடுகிறது என்ற கேள்விகளுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் மிகவும் நடைமுறையான பொருள் இருக்கிறது.

காற்றோடு உள்ளே போன கிருமி நுரையீரலின் கடைசிக் காற்றறையில் இறங்கியதும், மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல் அதை உள்ளிழுத்துக்கொள்கிறது. வேறு கிருமி என்றால் அங்கேயே செரித்துவிடும். காசநோய்க் கிருமியோ தன்னைச் செரிக்க வரும் அமிலப் பைகளைத் தடுத்துவிட்டு, விழுங்கிய செல்லுக்குள்ளேயே பெருகுகிறது. சில வாரம் கழித்துத்தான் நிணநீர்க் கணுக்களில் பயிற்சி பெற்ற டி செல்கள் வந்து சேர்கின்றன. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, சோர்ந்த விழுங்கு செல்களுக்குக் கொல்லும் திறனைக் கூட்டுகிறது. டி.என்.எஃப். என்ற இன்னொரு சுரப்பு செல்களைக் கூட்டமாகப் பிடித்து வைக்கிறது. இப்படி உருவாகும் சிறு கட்டிதான் கிரானுலோமா. ஆக்சிஜன் குறைந்த அதன் நடுவில் கிருமி பெருகுவதை ஏறக்குறைய நிறுத்திக்கொள்கிறது. ஒருமுறை எழுப்பிவிட்டால் நிற்கும் சுவராக இதை எண்ணுவது தவறு. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் ஷிப்ட் முறை போல, களைத்து மடியும் செல்களின் இடத்துக்குப் புதியவை வந்துகொண்டே இருந்தால்தான் வேலை நிற்காது.

ஷிப்ட் தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2001-ல் மருத்துவ உலகம் கண்டது. முடக்குவாதம் போன்ற நோய்களுக்காக டி.என்.எஃப்.-ஐ முடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து எடுத்தவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக அமெரிக்க ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். பெரும்பாலும் சில மாதங்களுக்குள்ளேயே வந்தது. அந்த மருந்து செய்ததை, கிரானைட் அறுக்கும் இடத்தில் தூசி செய்கிறது. தண்ணீர் விடாமல் பிளேடு ஓடும்போது கிளம்பும் சிலிக்கா, கண்ணுக்கே தெரியாத அளவில் காற்றறை வரை போய், விழுங்கு செல்களையே கொல்கிறது. சிலிக்கோசிஸ் வந்த நுரையீரலில் காசநோய் பல மடங்கு கூடுகிறது. சர்க்கரை நோய் ஆபத்தை இரண்டு, மூன்று மடங்காக்குகிறது. புரதம் போதாத உடலில் டி செல்கள் குறைகின்றன.

கிருமியைக் கொல்ல மருந்து இருக்கும்போது உடம்பின் திறனைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்று கேட்கலாம். 2019-21 தேசியக் காசநோய் ஆய்வில், 15 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. அத்தனை பேருக்கும் மாத்திரை கொடுக்க முடியாது. கொடுத்தாலும் மறுதொற்றைத் தடுக்க முடியாது. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளிவந்த ரேஷன்ஸ் ஆய்வு, நோயாளியின் குடும்பத்தினருக்கு அரிசியும் பருப்பும் நுண்சத்தும் கொடுத்தே, அவர்களுக்குக் காசநோய் வருவதைச் சுமார் 39 சதவீதம் குறைத்தது. அதே ஜார்க்கண்டிலிருந்தும்தான் ஓசூருக்கு வேலை தேடி வருகிறார்கள். பி.சி.ஜி. தடுப்பூசி போதாதா என்றால், செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த பெரும் சோதனை அதற்குப் பதில் சொல்லிவிட்டது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளுக்கு எதிராக அதன் பயன் வேறு விஷயம்.

இன்னொரு மறுப்பு கனமானது. ஜீப்ரா மீன்களில் கிரானுலோமாவை ஆராய்ந்த லலிதா ராமகிருஷ்ணன், உடன் ஆய்வாளர்களோடு 2018-ல் எழுதிய கட்டுரையில், நோய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றிய இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடுகிறது என்றார். தொற்றைக் கண்டறியச் செய்யும் தோல் பரிசோதனை காட்டுவது எதிர்ப்பாற்றலின் நினைவை மட்டுமே. உயிருள்ள கிருமி உள்ளே இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. இதை ஏற்றால், ஆயுள் முழுக்க எல்லோரையும் பயமுறுத்த வேண்டியதில்லை. புதிதாகத் தொற்றியவர்களைத் தேடிப் பிடிப்பதே முதல் வேலை. இங்கே புதிய தொற்று எங்கே நடக்கும்? ஜன்னல் அடைத்த வாடகை அறையில், வாடகையைப் பங்கிட்டு ஆறு பேர் படுக்கும் இடத்தில். நாட்டின் 2021 வழிகாட்டுதல், நோயாளி வீட்டாருக்கும் சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்கும் தடுப்பு சிகிச்சையை விரிவாக்கியது. நோயாளி ஒரு தொழிலாளி என்றால், ரேஷன் அட்டையில் சேராத அறைத்தோழர்களையே அவர் வீட்டாராகக் கணக்கில் எடுக்க வேண்டும். தினமும் ஆறு மாதம் ஐசோனியாசிட் சாப்பிடுவதைவிட, ரிஃபாபென்டினோடு சேர்த்து வாரம் ஒருமுறை 12 வேளை மாத்திரை தருவது, அடிக்கடி இடம் மாறும் தொழிலாளிக்கு ஒத்துவரும். அவர் எல்லையில் உள்ள சூசூவாடியைத் தாண்டி, கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கு அறை மாற்றினால் மாநிலமே மாறிவிடும். ஆனால், நிக்ஷய் என்ற காசநோய்ப் பதிவு நாடு முழுமைக்கும் ஒன்றுதான். ஓசூரில் தொடங்கிய மாத்திரையை ஆனேக்கல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் தொடர்ந்து தர, இரு மாவட்டப் பணியாளர்களும் தொலைபேசியில் பேசிக்கொண்டாலே போதும்.