மதுரையின் கடைத்தெருக்கள்

மதுரை மாநகரின் நடுவே மீனாட்சியம்மன் கோயில் அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்து சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்னும் பெயர் கொண்ட வீதிகள் அடுக்கடுக்காய்ச் செல்கின்றன.

பொன்னும் பட்டும் நாள்தோறும் வாங்கும் பொருள்கள் அல்ல. பல கடை ஏறி, விலையும் தரமும் ஒப்பிட்டே மக்கள் அவற்றைக் கொள்வர். ஆதலின் தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைகளும், விளக்குத்தூண் அருகே துணிக்கடைகளும் நெருங்கி நிற்கின்றன. இம்முறை புதிதன்று. ஆடைக்கு அறுவை வீதியும், தானியத்திற்குக் கூல வீதியும் மதுரையில் தனித்தனியே இருந்தமையைச் சிலப்பதிகாரம் கூறும்.

உப்பும் பருப்பும் அத்தகையன அல்ல. அவை அன்றாடம் வேண்டுவன. ஆகவே அவற்றை விற்கும் சிறு கடைகள் குடியிருப்புத்தோறும் தோன்றுகின்றன. 1840களில் கோட்டை மதில் இடிக்கப்பட்டபின் நகர் வெளியே விரிந்தது; பின்னர் வைகையின் வடகரையிலும் பரவியது. அங்கே மாட்டுத்தாவணியில் 1999ஆம் ஆண்டு பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. கோயிலருகே இருந்த காய்கறிச் சந்தையும் பின்னர் அப்பகுதிக்கே பெயர்ந்தது.

இதனால் நகர்நடுவே நெரிசல் குறைந்தது. சரக்கு வண்டிகளுக்கும் வழி எளிதாயிற்று. ஆயினும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் கூடை சுமந்து காய் விற்போர்க்குத் தொலைவு மிகுந்தது. முதற்காய் விற்குமுன்னரே அவர்கள் வண்டிக் கூலி கொடுத்தல் வேண்டும். சந்தைக்கு இடம் வகுப்போர், வண்டியில் வருவோரோடு கூடை சுமப்போரையும் எண்ணுதல் கடனாகும்.