வன்னியில் கோடை, ஹோட்டனில் குளிர்

நெடுங்கேணிக் காட்டு மரங்கள் கோடையைக் கடக்க இரண்டு வழி வைத்திருக்கின்றன. முதிரை இலையைக் கொட்டிவிட்டு மழைக்குக் காத்திருக்கும். பாலை கொட்டாது. அதன் இலையொன்றைப் பறித்துப் பாருங்கள்: தோல்போலத் தடித்து, மேற்பக்கம் பளபளத்து, நுனியில் சிறு வெட்டுடன் இருக்கும், முறித்த காம்பில் வெண்பால் கசியும். உள்ளிருக்கும் ஈரத்தை இலகுவில் வெளியே விடாத இலை அது.

வன்னியில், வவுனியா வடக்கின் இப்பகுதி தாழ்ந்த சமதரை. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசியில் சோளகம் எழும்பினால் நிலம் வெடிக்கும். ஈரம் இருக்கும் சில மாதங்களுக்குள் மரம் வளர்ந்தாக வேண்டும். அதனால்தான் பாலை மெல்ல வளர்கிறது; வைரமேறிய கட்டை தண்ணீரில் அமிழ்ந்துபோகும் அளவுக்குக் கனக்கிறது.

இதே இலங்கைத் தீவில் ஹோட்டன் சமவெளிக்கு ஏறினால் கதை வேறு. ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரம். ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் வெப்பம் சுமார் 6 பாகை குறைவதால், வன்னியில் வியர்க்கும் தை மாசியிலும் அங்கே விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். மழைக்கும் முகிலுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் கீனா மரங்கள் உயரமாட்டாமல், முறுகிய கிளைகளும் குடைபோன்ற தலையுமாகக் குட்டையாகவே நிற்கின்றன. வன்னியில் மரத்தை அடக்குவது வறட்சி. அங்கே குளிரும் ஓயாத காற்றும்.

ஓக் மரங்களிடம் இந்த உயரக் கணக்கு இன்னும் துலக்கம். உத்தராகண்டின் இமயமலைச் சரிவுகளில் பாஞ்ச் ஓக் பெரும்பாலும் 1,200 முதல் 2,300 மீற்றர் வரை நிற்கும். 2,500 மீற்றரைத் தாண்டினால் அந்த இடம் கர்சு ஓக்குக்கு உரியது. காலநிலை சூடேறும்போது இத்தகைய மரங்களுக்கு மேலே நகர இன்னும் கொஞ்சம் மலை மிச்சமிருக்கிறது. வன்னிச் சமதரைப் பாலைக்கு அப்படி ஏறிப்போக இடமில்லை. கோடை நீண்டால் நின்ற இடத்திலேயே தாங்க வேண்டும்.

வெட்டிய பாலையை ஓர் ஆயுளுக்குள் திரும்பப் பெற முடியாது. அதன் பழத்தை நம்பிக் கரடியும் பறவைகளும் வாழ்கின்றன. அவைதான் விதையையும் பரப்புகின்றன. வேகமாக வளர்கிறதென்று தேக்கை மட்டும் நட்டால் அந்தக் காடு மீளாது. கோயில் வளவிலும் பள்ளிக்கூட வளவிலும் பாலையும் முதிரையும் நடுங்கள். ஐப்பசி முதல் மழையோடு கன்றை வைத்தால், கோடைக்கு முன் வேர் பிடித்துவிடும்.