றொசல்ல வழியே வந்த பெரிய கமராக்கள்: எங்கள் கதை ஏன் படமாகவில்லை?

ஹட்டனிலிருந்து றொசல்ல, வட்டவளை, கினிகத்தேனை என்று இறங்கும் அவிசாவளை வீதியில் பயணிப்பவர்களுக்குக் கித்துல்கல தெரிந்த இடம். களனி கங்கையின் கரையில் நின்று, “இங்கேதான் அந்தப் பாலத்தைக் கட்டிப் படம் பிடித்தார்கள்” என்று கைகாட்டாதவர்கள் குறைவு. ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்ற அந்தப் படம் 1957இல் வெளியாகி ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. இயக்கியவர் டேவிட் லீன். வெளியிட்டது ஹொலிவூட்டின் கொலம்பியா பிக்சர்ஸ்.

படத்தின் கதை இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் அமைத்த சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றியது. அந்தப் பாதையில் பிரித்தானியக் கைதிகள் மட்டும் சாகவில்லை. மலாயாவின் இறப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களும் பசியாலும் கொலராவாலும் அங்கே மடிந்தார்கள். தமிழர்கள் அதைச் ‘சயாம் மரண ரயில்’ என்றே இன்றும் சொல்கிறார்கள். ஆனால் உலகமே பார்த்த அந்தப் படத்தில் அவர்களின் கதை இல்லை. படம் பிடிக்கப்பட்ட இடத்துக்கு மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களோ, அந்த மலாயாத் தொழிலாளர்களைப் போலவே தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள்.

இதற்கு ஓர் இயக்குநரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. எந்தக் கதை படமாக வேண்டும், அது எந்தத் திரையில் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்வது எங்களுக்கு அவசியம்.

தேயிலைத் தோட்டத்துக்கு வந்த பரமவுண்ட்

கித்துல்கல படத்துக்கு முன்பே, 1953இல், பரமவுண்ட் நிறுவனம் ‘எலிபன்ட் வோக்’ படத்துக்காக இலங்கை வந்தது. அது தேயிலைத் தோட்டத்தையே களமாகக் கொண்ட கதை. யானைகளின் பாதையை மறித்துக் கட்டப்பட்ட துரை பங்களா, இங்கிலாந்திலிருந்து வரும் புது மனைவி, தோட்டத்தில் பரவும் கொலரா, முடிவில் பங்களாவுக்குள் புகும் யானைகள். விவியன் லீ இங்கே நடிக்கத் தொடங்கி, நோயுற்று விலக, எலிசபெத் டெய்லரை வைத்து ஹொலிவூட்டில் படத்தை முடித்தார்கள். தூரத்திலிருந்து எடுத்த சில காட்சிகளில் விவியன் லீயே இன்னும் தெரிகிறார் என்பார்கள். பங்களாவின் தலைமைப் பணியாளர் அப்புஹாமியாக நடித்தவர்கூட ரங்கூனில் பிறந்த ஏப்ரஹாம் சொபேயர் என்ற நடிகர்.

தோட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இருந்தும் கதை துரையினுடையது. அந்த நேரத்தில் மலையகத் தமிழர்களின் நிலை என்ன? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பெரும்பான்மையோர் நாடற்றவர்களாகி, வாக்குரிமையும் இழந்திருந்தார்கள். சொந்த நாட்டின் வாக்காளர் இடாப்பில் இல்லாதவர்கள், உலகத் திரையிலும் பின்னணியாகவே நின்றார்கள்.

ஸ்டூடியோவின் பலம் எதில் இருக்கிறது?

ஸ்டூடியோ என்றால் படப்பிடிப்புக் கொட்டகை என்றே பலர் நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. சினிமாத் தொழில் மூன்று கண்ணிகளால் ஆனது: தயாரிப்பு, விநியோகம், திரையிடல். ஹொலிவூட்டின் ஐந்து பெரிய நிறுவனங்களான எம்.ஜி.எம்., பரமவுண்ட், வோர்னர், டுவென்டியெத் செஞ்சுரி பொக்ஸ், ஆர்.கே.ஓ. ஆகியவை இந்த மூன்றையும் தங்கள் கையில் வைத்திருந்தன. நடிகர்களையும் எழுத்தாளர்களையும் நீண்டகால ஒப்பந்தத்தில் கட்டிவைத்தன. பெரிய நட்சத்திரத்தின் படம் வேண்டுமென்றால், கூடவே ஓடாத படங்களையும் சேர்த்து வாங்கு என்று சிறிய தியேட்டர்காரரை நிர்ப்பந்தித்தன.

1948இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் பரமவுண்ட் வழக்கில் இது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் தியேட்டர்களைக் கைவிட வேண்டி வந்தது. அதன் பிறகே சுயாதீனத் தயாரிப்பாளர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. அந்தத் தீர்ப்பின் வழிவந்த கட்டுப்பாடுகள் 2020இல் நீக்கப்பட்டன. பொக்ஸை 2019இல் டிஸ்னி வாங்கியது, எம்.ஜி.எம்.மை 2022இல் அமேசன் வாங்கியது. கண்ணிகள் மறுபடியும் ஒரே கைக்குள் சேர்கின்றன.

கோடம்பாக்கமும் கொழும்பும்

தமிழிலும் இதுவே நடந்தது. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மொடர்ன் தியேட்டர்ஸ், எஸ்.எஸ். வாசனின் ஜெமினி, காரைக்குடியில் தொடங்கிக் கோடம்பாக்கத்துக்கு வந்த ஏ.வி. மெய்யப்பனின் ஏ.வி.எம். ஆகியவை தமிழ் சினிமாவின் ருசியை வடிவமைத்தன. அந்தப் பாடல்கள் இலங்கை வானொலி வழியே ஒவ்வொரு லயத்துக்கும் வந்து சேர்ந்தன. நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரை மலையகம் தன் பிள்ளையாகவே கொண்டாடியது. ஆனால் அவர் வளர்ந்ததும் நட்சத்திரமானதும் அக்கரையில்தான்.

இலங்கையின் முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947இல் வெளியானது. அதைத் தயாரித்த எஸ்.எம். நாயகம் ஒரு தமிழர். படம் பிடிக்கப்பட்டது மதுரையில். நாட்டில் இறக்குமதியும் விநியோகமும் சிலோன் தியேட்டர்ஸ், கே. குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிடெட், சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் கையில் இருந்தன. ஆயத்தமாக வரும் இந்தியப் படம் இலாபம் தரும்போது, உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்கு யார் முதலிடுவார்கள்?

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கி, இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கையில் எடுத்தது. தனியார் ஏகபோகத்தின் இடத்தில் அரச ஏகபோகம் வந்தது என்ற குறை உண்டு. ஆனால் இந்தியப் படங்களின் வரவு குறைந்த அந்த எழுபதுகளில்தான் ஈழத்துத் தமிழ்ப் படங்கள் வரிசையாக வந்தன. ‘குத்துவிளக்கு’, ‘பொன்மணி’, ‘வாடைக்காற்று’ எல்லாம் அந்தக் காலத்தவை. தொழிற்சங்கத் தலைவரான வி.பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்து அதில் நடித்தார். எழுதியவர் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். 1963இலேயே ‘தோட்டக்காரி’ வந்திருந்தாலும், தோட்டத் தொழிலாளியின் வாழ்வைத் தோட்டத்தை அறிந்தவரே எழுதித் திரைக்குக் கொண்டுவந்தது பெரிய விடயம். வழியில் சற்றே இடம் கிடைத்தபோது எங்களிடம் கதையும் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள்.

1983இல் எரிந்தவை

கறுப்பு ஜூலையில் எரிந்தவை வீடுகளும் கடைகளும் மட்டுமல்ல. ஹெந்தளையில் இருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவும் எரிக்கப்பட்டது. இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். அழிந்த படச்சுருள்களில் சிங்களப் படங்களும் இருந்தன. தமிழரின் முதலில் உருவான சிங்கள சினிமாவின் நினைவையும் சேர்த்தே அந்தக் கும்பல் கொளுத்தியது. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நாம் மறக்கவில்லை. எரிந்த படச்சுருள்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஒரு படத்தின் மூலப்பிரதி போய்விட்டால், அதில் பதிந்த முகங்களும் தெருக்களும் பேச்சும் திரும்ப வராது. அதன் பின் போர் வந்தது. ஈழத்துத் தமிழ் சினிமாவுக்கு ஒரு தொழிலாக வளரும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

இனி?

இன்று நிலைமை மாறியிருக்கிறது. முல்லைத்தீவில் பிறந்த அல்லிராஜா சுபாஸ்கரனின் லைக்கா நிறுவனம், ‘2.0’, ‘பொன்னியின் செல்வன்’ போன்ற தமிழகத்தின் மிகப் பெரிய படங்களுக்கு முதலிட்டது. ஆக, ஈழத்தமிழரிடம் பணமே இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் அவ்வளவு பெரிய முதல், அவ்வளவு பெரிய சந்தையைத்தான் தேடும். தோட்டத்து லயத்தில் நடக்கும் கதையையோ, முள்ளிவாய்க்காலில் காணாமல் போன மகனைத் தேடும் தாயின் கதையையோ அந்தக் கணக்கு எளிதில் ஏற்காது.

மறுபுறம், கமரா இன்று கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. றொசல்லையில் ஓர் இளைஞன் பத்து நிமிடக் குறும்படம் எடுக்க எந்த ஸ்டூடியோவின் அனுமதியும் தேவையில்லை. மூன்று கண்ணிகளில் தயாரிப்பு எங்கள் கைக்கு வந்துவிட்டது. மற்ற இரண்டும் வரவில்லை. எடுத்த படத்தை எங்கே காட்டுவது, எப்படிப் பாதுகாப்பது என்பதுதான் இன்றைய கேள்வி. பாடசாலை மண்டபம், கோயில் திருவிழா, வாசிகசாலை, புலம்பெயர் அமைப்புகளின் நிகழ்வுகள் ஆகியவற்றை ஒரு திரையிடல் வலையாகப் பின்னுவதும், எடுக்கப்பட்டவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பிரதி எடுத்து வைப்பதும் பெரும் பணம் கேட்கும் வேலைகள் அல்ல.

பாலு மகேந்திரா சிறுவனாகக் கித்துல்கல படப்பிடிப்பைப் பார்த்ததுதான் தனக்குள் சினிமா ஆசையை விதைத்தது என்று சொல்லியிருக்கிறார். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த அந்தச் சிறுவன், தன் கலையைச் செய்யக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. அடுத்த சிறுவனுக்கோ சிறுமிக்கோ அந்த அவசியம் வராமலிருக்க வேண்டும்.