போர்வையில் நம்முடைய துண்டு எது?

இலக்கியக் கூட்டத்தில் தையலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். அதனால் ஒரு நாவலில் இருந்தே தொடங்குகிறேன்.

மார்கரெட் அட்வுட் 1996இல் எழுதிய 'ஏலியஸ் கிரேஸ்' நம்மில் பலர் வாசித்த நாவல். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்டில் இருந்து நான் பேசுகிறேன்; அந்தக் கதை நடந்த ரிச்மண்ட் ஹில் இங்கிருந்து வடக்கே அதிக தூரமில்லை. 1843இல் அங்கே தோமஸ் கின்னியர் என்பவரும் அவருடைய வீட்டைப் பார்த்துக்கொண்ட நான்சி மொன்ட்கொமரியும் கொல்லப்பட்டார்கள். வேலைக்காரி கிரேஸ் மார்க்ஸுக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டு, அது பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1872இல்தான் அவர் விடுதலையானார். இவ்வளவும் வரலாறு. நாவலில் வரும் கிரேஸ் நல்ல தையற்காரி. நாவலின் 15 பகுதிகளுக்கும் குவில்ட் வடிவங்களின் பெயர்களையே அட்வுட் வைத்திருக்கிறார்.

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் ஊடுருவி ஓடும் தையல் அவற்றைப் பிடித்து வைக்கும். மேல்துணியில் ஒரே அளவான கட்டங்கள் திரும்பத் திரும்ப வரும். இதில் ஒருவருக்குச் சொந்தமாக என்ன இருக்க முடியும்? அந்தக் கேள்வி எனக்கே வந்தது.

வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். புத்தகத்தில் இருந்த வடிவத்தை, அதில் காட்டிய அதே நிறத் துணிகளை வாங்கி, அளவு பிசகாமல் தைத்தேன். வகுப்பு முடிவில் எல்லாவற்றையும் சுவரில் தொங்கவிட்டார்கள். அதே போர்வை இன்னும் நான்கு இருந்தன. ஓரத்தில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துத்தான் என்னுடையதை அடையாளம் கண்டேன். அடுத்த முறை புத்தகத்தை மூடிவைத்தேன். எந்த வடிவமும் வேண்டாம், மனம்போல் தைக்கலாம் என்று இருந்தேன். இரண்டு மாதம் துணி வாங்கியதுதான் மிச்சம். ஒரு கட்டம்கூடத் தைக்கவில்லை.

பிறகுதான் மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் இருக்கிறார்கள். ஆபிரிக்காவில் இருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் பழைய துணிகளில் 'கவந்தி' என்ற போர்வையைத் தைக்கிறார்கள். வரைபடம் கிடையாது. ஆனால் முறை உண்டு. ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி வரவேண்டும்; மூலைகளில் துணியை மடித்துப் 'பூ' வைக்கவேண்டும். இடையில் எந்தத் துண்டு எங்கே என்பது அவரவர் விருப்பம். அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்களும் அப்படித்தான். சதுரத்தைச் சுற்றிச் சதுரமாக வளரும் வடிவத்தைத் தலைமுறையாகத் தைத்தார்கள். ஆனால் கோடு வளையும், அகலம் மாறும். தாங்களே மாற்றித் தைத்ததை 'என் வழி' என்று சொல்வார்கள். 2002இல் அவர்களுடைய போர்வைகள் ஹியூஸ்டனிலும் நியூயோர்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களுக்கு வந்தன. அவற்றில் ஒன்று 1942இல் மிசூரி பெட்வே தைத்தது. இறந்துபோன கணவர் வேலைக்கு உடுத்திய துணிகளை வெட்டித் தைத்த போர்வை அது.

இதை நான் அம்மாவிடம் சொன்னதற்குக் காரணம் உண்டு. அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருடைய நான்கு சாரங்கள் அலுமாரியில் மடித்தபடியே கிடந்தன. வெட்ட எனக்குக் கை வரவில்லை. அம்மா கேட்டுவிட்டு, "அந்த மனுசி அதைப் போர்த்துக்கொண்டு படுத்தவவோ?" என்றார். ஓம் என்றேன். "அப்ப வெட்டு" என்றார்.

'லொக் கபின்' என்ற பழைய வடிவத்தையே எடுத்தேன். நடுவில் ஒரு சிறு சதுரம். அதைச் சுற்றிப் பட்டைகள். ஒரு பாதி வெளிர் நிறம், மறுபாதி கடும் நிறம். கட்டங்களைத் திருப்பி வைத்தாலே போர்வை மாறிவிடும். ஒருவிதமாக அடுக்கினால் உழவுச்சால் போலச் சாய்ந்த கோடுகள் வரும். இன்னொரு விதமாக அடுக்கினால் நடுவில் இருந்து விரியும் வைரங்கள் வரும். தைப்பதற்கு முன் தரையில் பரப்பி, சில நாட்கள் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். நிறத்தைவிட வெளிர்-கடும் வேறுபாடுதான் வடிவத்தைக் காட்டும் என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

சாரத்தின் நல்ல பகுதியை வெட்டி எடுத்து, நைந்ததை ஒதுக்கினேன். அம்மா ஒதுக்கியதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தேய்ஞ்ச பக்கத்தை ஏன் பிள்ளை எறியிறாய்? அதைத்தானே அவர் உடுத்தவர்." நைந்த துணி தையலைத் தாங்காது. அடியில் மெல்லிய பருத்தித் துணி வைத்து, அதனோடு சேர்த்துத் தைத்தோம். ஒவ்வொரு கட்டத்தின் நடுச் சதுரமும் அந்தத் தேய்ந்த துணிதான்.

நாவலின் முடிவுக்கு இப்போது திரும்பலாம். வாழ்நாள் முழுதும் மற்றவர்களுக்குத் தைத்த கிரேஸ், கடைசியில் தனக்கென்று ஒரு போர்வை தைக்கிறாள். வடிவம் எல்லோரும் அறிந்த 'சொர்க்க மரம்'. ஆனால் ஓரத்தில் பாம்புகளை வைக்கிறாள். பார்ப்பவர்களுக்குக் கொடிபோலத் தெரியும். மரத்தில் மூன்று முக்கோணங்கள் மட்டும் வேறு துணி. ஒன்று இறந்த தோழியின் உள்பாவாடை, ஒன்று தன் சிறை உடுப்பு, ஒன்று கொல்லப்பட்ட நான்சியின் சட்டை. வடிவத்தை அவள் கைவிடவில்லை. அதற்குள் மூன்று துண்டுகளுக்கு இடம் கண்டுபிடித்தாள்.

எங்கள் போர்வை சுவரில் இல்லை. அம்மா அதைத்தான் போர்த்துப் படுக்கிறார். கோடுகள் சில இடங்களில் நேராக இல்லை. பிரித்துத் தைக்கவும் இல்லை. உங்கள் வீட்டிலும் வெட்ட மனம் வராத துணி ஏதாவது மடித்தபடி கிடக்கும். அதைப் பற்றிக் கேள்வி நேரத்தில் சொன்னால் கேட்க ஆவலாக இருக்கிறேன்.