பருத்திக் காட்டிலிருந்து வந்த கித்தார்

முதலாளியின் நிலம், முதலாளியின் கடை, கூலி கைக்கு வருமுன்பே அதில் பிடித்தம். ப்ளூஸ் கித்தார் கலைஞர் பி.பி. கிங்கின் இளமையை மலேசியாவின் யோங் பெங் வட்டார ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பருத்தித் தோட்டத்தில் 1925 செப்டம்பர் 16 அன்று பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். முதல் கித்தாரின் விலை 15 டாலர், அவருடைய ஒரு மாதச் சம்பளம். முதலாளி முன்பணம் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்.

ப்ளூஸ் தோட்டக்காட்டில் பிறந்த இசை. அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்த பிறகும் கறுப்பின மக்களைக் கடன் அதே மண்ணில் கட்டிப்போட்டது. வேலைக்காட்டில் ஒருவர் குரல் எடுக்க மற்றவர்கள் பதில் கொடுத்த பாட்டுகளில் ப்ளூஸின் வேர் இருக்கிறது.

சனிக்கிழமைகளில் இண்டியனோலா ஊர்த் தெருமுனையில் கிங் வாசிப்பார். பக்திப் பாட்டுக்குத் தலையில் தட்டிக்கொடுத்துப் போனார்கள், ப்ளூஸுக்குத்தான் காசு விழுந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1946இல் அவர் ஓட்டிய டிராக்டர் கொட்டகையில் இடித்துப் புகைக்குழாய் உடைந்தது. பயந்துபோய் மெம்பிஸ் நகருக்கு ஓடினார். ஆனால் திரும்பி வந்து, உழைத்து, அந்தச் சேதத்துக்கான கடனை அடைத்த பிறகே மெம்பிஸில் குடியேறினார். அவர் வாங்கிய 15 கிராமி விருதுகளைவிட இந்தச் செய்திதான் எனக்கு அவரைக் காட்டுகிறது.

கிங்கின் உறவினர் புக்கா வைட் கம்பிகளின்மேல் உலோகக் குழாயை இழுத்து வாசிப்பார். கிங்குக்கு அது கைவரவில்லை. அந்த ஓசையை எப்படியாவது கொண்டுவர, இடது கை விரலைக் கம்பியில் நடுங்கவிட்டார். நம் வீணைக் கமகத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த நடுக்கம் உடனே பிடிபடும். பாடும்போது அவர் கித்தாரை மீட்டமாட்டார். குரல் நிற்கும் இடத்தில் கித்தார் பதில் சொல்லும். வேலைக்காட்டின் கேள்வி பதில் இரண்டையும் ஒரே மனிதர் ஏற்றுக்கொண்டார். பத்து சுரம் வாசிக்க வேண்டிய இடத்தில் ஒன்றை வாசித்து நிறுத்துகிற துணிவு வேறு யாரிடமும் இவ்வளவு இல்லை.

1949 குளிர்காலத்தில், ஆர்கன்சாஸ் மாநிலத்தின் டுவிஸ்ட் ஊரில், கிங் வாசித்த நடனக் கூடத்தில் இருவர் சண்டையிட்டு மண்ணெண்ணெய் எரிந்த பீப்பாயைக் கவிழ்த்தார்கள். தீயிலிருந்து தப்பிய கிங், கித்தாருக்காக மறுபடி உள்ளே ஓடினார். சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக என்று பிறகு தெரிந்தது. அதன்பின் அவர் வைத்திருந்த கித்தார்கள் எல்லாமே லூசில்தான். 1956இல் மட்டும் 342 கச்சேரிகள். 2014 வரை மேடை ஏறினார். 2015 மே 14 அன்று மறைந்தார்.

அவர் ஒரு காலத்தில் வேலை செய்த பருத்தி அரவை ஆலைக் கட்டடம், இண்டியனோலாவில் 2008இல் திறந்த அருங்காட்சியகத்தின் பகுதியாக இன்று நிற்கிறது. அந்த வளாகத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

நம் பால்மரக் காட்டுக்கும் பாட்டு உண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தன. காலை ஆள் கணக்கெடுப்பான பிரட்டும், ஆட்களை மேய்த்த கங்காணியும் அவற்றுக்குள் புகுந்தன. முத்தம்மாள் பழனிசாமி ‘நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்’ எழுதி நம் பங்குக்கு ஒரு பெரும் வேலையைச் செய்தார். ஏட்டில் ஏறிய அளவுக்கு அந்தப் பாட்டு இன்னும் மேடை ஏறவில்லை. பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, பாடத் தெரிந்த பாட்டிகளும் குறைந்துவருகிறார்கள். கித்தார் எடுத்திருக்கும் யோங் பெங் பிள்ளைகள், அடுத்த பள்ளி விடுமுறையிலேயே அந்தப் பாட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.